மூடியில் மகேந்திரலால் சர்க்கார்: 24 குப்பி ஹோமியோபதிப் பெட்டி வாங்கலாமா?

கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸிலும் மஸ்ஜித் இந்தியா பக்கமும் சில மருந்துக் கடைகளில் ஒரு மரப்பெட்டி விற்கிறார்கள். உள்ளே 24 குப்பிகள், ஓர் அறிகுறி அட்டை, 32 பக்கத் தமிழ்க் கையேடு. விலை 165 ரிங்கிட். இப்படிப்பட்ட பெட்டிகளில் வழக்கமாக ஹோமியோபதியை உருவாக்கிய ஹானிமன் படம்தான் இருக்கும். இதன் மூடியில் இருப்பவர் கல்கத்தாவின் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார். கையேட்டில் பாதிக்கு மேல் அவருடைய வாழ்க்கை வரலாறு. நம் ஊரில் அவரைத் தெரிந்தவர்கள் குறைவு, அதனால் இந்தத் தேர்வு பாராட்டுக்குரியது. ஆனால் எதையும் சோதித்துப் பார்த்தே ஏற்ற ஒருவரின் படத்தைப் போட்டுவிட்டு, சோதனைக்கு நிற்காத பொருளை விற்கக் கூடாது. இந்தப் பெட்டியை அந்த அளவுகோலால்தான் பார்க்க வேண்டும்.

முதலில் கையேடு. அச்சு சுத்தம், தமிழும் நன்று. சர்க்கார் 1833இல் ஹௌரா அருகே பைக்பாராவில் பிறந்தது, சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்து கல்கத்தாவில் தாய்மாமன் வீட்டில் வளர்ந்தது, கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் படித்தது எல்லாம் சரியாக இருக்கின்றன. 1863இல் எம்.டி. பட்டம் பெற்றதும் சரி. ஆனால் 'முதல் எம்.டி.' என்று போட்டிருக்கிறார்கள். அந்தக் கல்லூரியில் அவருக்கு முன்பே சந்திரகுமார் தே அந்தப் பட்டம் பெற்றுவிட்டார். சர்க்கார் இரண்டாமவர்.

இதைவிடப் பெரிய குறை, கதையின் நடுப்பகுதியையே விட்டுவிட்டது. சர்க்கார் ஆரம்பத்தில் ஹோமியோபதியின் எதிரி. 1863இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் வங்காளக் கிளை தொடங்கியபோது ஹோமியோபதியைக் கண்டித்துப் பேசியவர். பிறகு ஒரு ஹோமியோபதி நூலுக்கு மதிப்புரை எழுதும் வேலை வந்தது. நோயாளிகளைக் கண்ணால் பார்க்காமல் எழுதுவது முறையல்ல என்று, ராஜேந்திரலால் தத்தா செய்துவந்த ஹோமியோபதிச் சிகிச்சையை அருகிருந்து கவனிக்கப் போனார். மனம் மாறியது. 1867 பிப்ரவரி 16 அன்று அதே சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தன் மாற்றத்தை வெளிப்படையாக வாசித்தார். சக மருத்துவர்கள் அவரை ஒதுக்கினார்கள், தொழில் படுத்தது. அவர் மறுஆண்டே 'கல்கத்தா ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழைத் தொடங்கினார். 1878இல் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவில் அவருக்கு இடம் தந்தபோது, அவரோடு சேர்ந்து பணியாற்ற மாட்டோம் என்று மற்றவர்கள் மறுத்தார்கள். கையேடு இத்தனையையும் 'பின்னர் ஹோமியோபதிக்கு மாறினார்' என்ற ஒரே வரியில் முடித்துவிடுகிறது. அவருடைய நேர்மை முழுவதும் அந்த ஒரு வரிக்குள் அமுங்கிப் போகிறது.

அவர் ஏன் மாறினார் என்பதையும் நியாயமாக எழுதியிருக்கலாம். அன்றைய ஆங்கில மருத்துவம் ரத்தம் வெளியேற்றுவதையும், கலோமல் என்ற பாதரச உப்பையும் தாராளமாகப் பயன்படுத்தியது. அவற்றிலிருந்து தப்பிய நோயாளி, வெறும் சர்க்கரை உருண்டையிலும் தேறியிருப்பார். மருந்து பெற்றவர்களையும் பெறாதவர்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் சோதனை முறை அன்று மருத்துவர்களிடம் வழக்கத்தில் இல்லை. இன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் தேசியச் சுகாதார, மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2015இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, ஹோமியோபதி பயன் தருகிறது என்று நம்பத்தக்க சான்றுள்ள நோய் ஒன்றுகூட இல்லை என்று முடிவு செய்தது. சர்க்காரின் படத்துக்குக் கீழே இதையும் அச்சிட்டிருந்தால் அது அவருக்குச் செய்த மரியாதையாக இருந்திருக்கும்.

பொதுவாழ்வைப் பற்றிய பக்கங்கள்தான் கையேட்டில் மிகச் சிறந்தவை. 1876இல் அவர் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ப்புக் கழகம், அதற்காக நன்கொடை திரட்டியது, பாதிரியார் லாஃபோன் தோள் கொடுத்தது, கௌரவ மாஜிஸ்திரேட் பதவி, 1883இல் பிரிட்டிஷ் அரசின் சி.ஐ.இ. விருது, 1887இல் கல்கத்தாவின் ஷெரிஃப் என்ற கௌரவப் பதவி, தேவ்கரில் மனைவி ராஜ்குமாரியின் பெயரில் 1892இல் தொழுநோயாளர் இல்லம் என எல்லாம் ஒழுங்காக வந்திருக்கின்றன. பெண்களின் திருமண வயது குறித்து மருத்துவர்களிடம் கருத்துக் கேட்டபோது, குறைந்தது 16 என்று அவர் சொன்னதும் இருக்கிறது. அந்தக் காலத்தில் அப்படிச் சொல்லத் துணிச்சல் வேண்டும்.

தமிழ் வாசகர்களுக்காகச் சேர்த்த பக்கத்தில்தான் சறுக்கல். 'சர்க்காரிடம் பயின்ற சர் சி. வி. ராமன்' என்கிறது. சர்க்கார் 1904இல் மறைந்தார். திருச்சியில் பிறந்த ராமன், நிதித்துறை வேலையாகக் கல்கத்தா போய் அந்தக் கழகத்துக்குள் நுழைந்தது 1907இல். இருவரும் சந்திக்கவில்லை. 1928இல் ராமன் விளைவு கண்டுபிடிக்கப்பட்ட இடம் சர்க்கார் எழுப்பிய அந்த பௌபஜார் கட்டடம் என்பதே போதுமான பெருமை. அதேபோல ராமகிருஷ்ணருக்கு அவர் 1885 முதல் சிகிச்சை அளித்தது உண்மை, 'குணப்படுத்தினார்' என்பது பிழை. தொண்டைப் புற்றுநோயால் ராமகிருஷ்ணர் 1886 ஆகஸ்ட்டில் காலமானார்.

இனி பெட்டி. மரவேலை உறுதி, குப்பிகள் பழுப்புக் கண்ணாடி, திருகு மூடி. தக்கை மூடியைவிட இது மேல். கோலாலம்பூரின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும், தக்கை சுருங்கினால் ஈரம் உள்ளே போய் உருண்டைகள் கட்டிக்கொள்ளும். கட்டிய உருண்டையைக் குச்சியால் குத்திப் பிரிக்காமல் தூக்கிப் போட்டுவிடுங்கள். பெட்டியைச் சமையலறை அடுப்புப் பக்கமும் காரிலும் வைக்க வேண்டாம். குளிர்சாதனப் பெட்டியும் ஆகாது, வெளியே எடுத்ததும் குப்பிக்குள் நீர் கோர்க்கும். உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பை போட்டிருக்கலாம், போடவில்லை.

23 குப்பிகள் 30சி வீரியம். ஒரு பங்கு மூலப்பொருளை 99 பங்கு கரைப்பானில் கலந்து குலுக்கினால் 1சி. அதிலிருந்து ஒரு பங்கை எடுத்து மறுபடியும் 99 பங்கில் கலந்தால் 2சி. 12சி அளவை எட்டும்போதே மூலப்பொருளின் மூலக்கூறு ஒன்றாவது மிஞ்சியிருப்பது சந்தேகம். 30 முறை செய்தால் ஒன்றுக்குப் பின் 60 சுழியங்கள் போட்ட எண்ணில் ஒரு பங்கு. நக்ஸ் வாமிகா என்றால் நம் எட்டி, அக்கோனைட் என்றால் வத்சநாபி வகை. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், 30சி குப்பிகளில் இருப்பது சர்க்கரையும் சாராய ஆவியும்தான்.

பயப்பட வேண்டியது 24ஆவது குப்பியைக் கண்டு. அது ஆர்னிகா மதர் டிங்சர், அதாவது 30சி போல நீர்க்கச் செய்யாத மூலிகைச் சாறு. மேலே தடவ மட்டும், அதுவும் தோல் கிழியாத இடத்தில் மட்டும். விழுங்கினால் வாந்தி, வயிற்றுப்போக்கு, இதயத் துடிப்பில் கோளாறு வரை போகலாம். இதையும் அதே அளவு, அதே மூடி, அதே வரிசையில் வைத்திருக்கிறார்கள். கண் மங்கிய பெரியவர் இருக்கும் வீட்டில் இது ஆபத்து. வாங்கியவர்கள் அந்தக் குப்பியை உடனே எடுத்துச் சிவப்பு நாடா ஒட்டி வேறு அலமாரியில் வையுங்கள்.

லேபிளும் சரியில்லை. தயாரிப்பு எண், காலாவதித் தேதி, எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் எல்லாம் வெளி அட்டையில் மட்டும் உள்ளன. அட்டையை வீசிவிட்டால் போயிற்று. வாங்கும்போதே அதைப் படம் எடுத்து, மருந்துகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான என்பிஆர்ஏவின் இணையத்தளத்தில் எண்ணைத் தட்டிப் பார்த்து, ஹோலோகிராம் ஒட்டு உண்டா என்றும் பாருங்கள். அறிகுறி அட்டையில் 'ஆஸ்துமா, நீரிழிவு' என்று இரண்டு வரிகள் இருக்கின்றன. 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் இந்த நோய்களுக்கு மருந்து என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. இன்ஹேலரையோ இன்சுலினையோ நிறுத்திவிட்டு உருண்டைக்கு மாறினால் உயிர் போகும்.

அட்டையின் மிக மோசமான வரி காய்ச்சலைப் பற்றியது: எலும்பு நொறுங்குவது போன்ற வலியோடு காய்ச்சல் வந்தால் யூபடோரியம் என்ற உருண்டை, மூன்று நாள். டெங்கி சுற்றும் ஊரில் அந்த மூன்று நாள்தான் பரிசோதனைக்கு உரிய நாள். டெங்கியைக் கண்டறியும் என்எஸ்1 ரத்தப் பரிசோதனை முதல் சில நாளில்தான் நன்றாகக் காட்டும். அதைவிட முக்கியம், டெங்கியின் அபாயக் கட்டம் பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் இறங்கும் வேளையில் தொடங்குகிறது. 'உருண்டை வேலை செய்தது, சூடு இறங்கிவிட்டது' என்று வீட்டில் நிம்மதி அடையும் அதே நேரத்தில் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிய ஆரம்பித்திருக்கலாம். விடாத வாந்தி, வயிற்று வலி, ஈறில் ரத்தம், அசதி தெரிந்தால் நேரே மருத்துவமனை. சாதாரணக் காய்ச்சல் என்று தோன்றினாலும் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்) ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். பாராசிட்டமால் போதும், ஆஸ்பிரினும் ஐபூபுரோஃபெனும் கூடாது.

ஹோமியோபதி மருத்துவர்களின் பதிவை 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. யாரிடமாவது ஆலோசனைக்குப் போவதாக இருந்தால் பதிவைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் பதிவு இருப்பதால் மட்டும் மருந்து வேலை செய்யும் என்று ஆகிவிடாது.

வீட்டு மருந்துப் பெட்டியாக இதற்கு 165 ரிங்கிட் கொடுக்க வேண்டியதில்லை. அந்தப் பணத்தில் நல்ல வெப்பமானி, நீரிழப்புக்குக் குடிக்கும் ஓஆர்எஸ் உப்புக் கரைசல் பொட்டலங்கள், பாராசிட்டமால், கட்டுத்துணி எல்லாம் வாங்கி மீதியும் இருக்கும். கையேட்டை மட்டும், ராமன் பக்கத்தையும் ராமகிருஷ்ணர் வரியையும் திருத்தி, 1863க்கும் 1867க்கும் இடையில் நடந்ததை முழுதாகச் சேர்த்துத் தனியாக விற்றால் 15 ரிங்கிட் தாராளமாகக் கொடுக்கலாம். தமிழ்ப்பள்ளி நூலகங்களுக்கும் ஏற்ற நூலாக இருக்கும்.