வேகன் ஆர்: 52 குதிரைவலு யாருக்குப் போதும், 64 யாருக்குத் தேவை

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் ஜப்பான் வேகன் ஆர் தேடுபவர் முதலில் பார்க்க வேண்டியது சேசி இலக்கத்தை. அதன் முதல் எழுத்துகளே எந்த மொடல் என்று சொல்லும்: 2012இல் வந்தது எம்எச்34எஸ், 2014இல் எம்எச்44எஸ், 2017இல் எம்எச்55எஸ். மூன்றிலும் ஆர்06ஏ எஞ்சின்தான்: 658 சிசி, மூன்று சிலிண்டர், டைமிங் செயின். டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஊட்டும் கருவி) இல்லாவிட்டால் மூன்றுமே 52 குதிரைவலு.

ஹைபிரிட் என்றால் இழுவை கூட என்று சொல்லி விலையை ஏற்றுவார்கள். 44இல் எஞ்சினுக்குத் துணையாக உள்ள மின்மோட்டார் சுமார் 2 குதிரைவலு. 2014இல் வந்ததில் அது ஒரு தடவைக்கு 6 செக்கன்தான் உதவும். 55இல் 3 குதிரைவலு, 30 செக்கன் வரை. பெற்றோல் மிச்சமாகும், புறப்படும்போது உதறாது. மலை ஏற அது காணாது. முன் சீற்றுக்கு அடியில் இருக்கும் லித்தியம் பற்றரி சோர்ந்துவிட்டால் அந்த உதவியும் இல்லை.

உண்மையான வித்தியாசம் டர்போவில்தான். 64 குதிரைவலு என்றால் 12 தானே கூட என்று தோன்றும். 34இல் சாதா எஞ்சின் நிமிடத்துக்கு 4000 சுற்றில் 63 நியூட்டன் மீற்றர் இழுவை தரும். டர்போ 3000 சுற்றிலேயே 95 தரும். ஒன்றரை மடங்கு, அதுவும் எஞ்சின் கத்தாமல்.

கல்முனை, அக்கரைப்பற்று என்று கரையோரமாக ஓடுபவருக்கு 52 தாராளம். ஆனால் மகாஓயா, பதியத்தலாவ, மகியங்கனை வழியாகக் கண்டிக்குப் போகிறவர் பதினெட்டு வளைவு மலையேற்றத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். பிபிலை, லுணுகலை, பசறை வழியாகப் பதுளைக்கு ஏறினாலும் இதே கதைதான். நாலு பெரியவர்கள், பயணப்பை, ஏசி எல்லாம் சேர்ந்தால் சாதா எஞ்சின் 5000 சுற்றில் அலறும், வேகம் வராது. ஏசியை நிறுத்தி, லீவரை 'எல்'லுக்கு மாற்றி, அக்சிலேட்டரைச் சீராக மிதித்து ஏறுவதே வழி. முழுதாக மிதித்துக்கொண்டே போனால், பற்சக்கரங்களுக்குப் பதிலாக பெல்ட்டில் ஓடும் சிவிடி கியர்பொக்ஸ் சூடாகும். அதற்கு வழக்கமான ஓட்டோ கியர் ஒயில் ஊற்றினால் பெல்ட் வழுக்கத் தொடங்கும்; சுசுகி குறிப்பிட்ட சிவிடி ஒயில் மட்டுமே.

வேகன் ஆரின் முரட்டு முக ரகமான ஸ்டிங்ரேயின் முகத்தைப் பார்த்து டர்போ என்று நம்பிவிடக் கூடாது. ஸ்டிங்ரே எக்ஸ் 52தான். டி ரகமே டர்போ. அதில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரலால் கியர் மாற்றும் சிறு நெம்புகள் இருக்கும். ஸ்டியரிங்கை மாற்றிப் பூட்டலாம் என்பதால் பொனற்றைத் திறந்து டர்போவைக் கண்ணால் பார்ப்பதே நிச்சயம்.

டர்போ வாங்கினால் ஒயிலில் சிக்கனம் சரிவராது. எஞ்சின் கொள்வதே ஏறத்தாழ மூன்று லீற்றர். அது கெட்டியானால் டர்போ பெயரிங் முதலில் தேயும். 5000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றலாம். மேடேறி நின்றதும் சாவியை நிறுத்தாமல் ஒரு நிமிடம் சும்மா ஓடவிட வேண்டும். பழைய டர்போவில் முடுக்கும்போது சைலன்சரில் நீலப் புகை வந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

இந்தியாவில் செய்த 998 சிசி வேகன் ஆர் வேறு வாகனம். 90 நியூட்டன் மீற்றர் இழுவை, டர்போ பராமரிப்பு இல்லை. உள்ளே ஜப்பான் வண்டியின் நேர்த்தியும் இல்லை. மாதத்துக்கு ஒருமுறையாவது மலையேறும் குடும்பத்துக்கு அதையும் பார்க்கச் சொல்லலாம்.

ஓடிப் பார்க்கும்போது கல்லடிப் பாலத்தில் ஏறி இறங்கி இழுவையைக் கணிக்க முடியாது. நாலு பேரை ஏற்றி, ஏசி போட்டு, வெறும் றோட்டில் 40இலிருந்து 80க்கு முடுக்கிப் பாருங்கள். சுற்று ஏறியும் வேகம் பின்தங்கினால் சிவிடி வழுக்குகிறது.