டெல்டா வீட்டுக்கு எந்த டரான்டுலா குஞ்சு?

டரான்டுலா என்னும் பெரிய ரோமச் சிலந்தியை வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது நிறத்தைத்தான். நீலம் இருக்கா, ஆரஞ்சு முட்டி இருக்கா என்பார்கள். வீடு கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ இருந்தால் முதல் கேள்வி வேறாக இருக்க வேண்டும். கத்திரி வெயிலையும் ஐப்பசி அடைமழையையும் அந்தக் குஞ்சு தாங்குமா? 'ஸ்லிங்' என்று விற்கப்படும் குஞ்சின் உடம்பு உளுத்தம்பருப்பு அளவுதான். பெரிய சிலந்தி சமாளித்துவிடும் வறட்சியில் இது ஒரே நாளில் சுருண்டுவிடும்.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் முன்னால் வழக்கமாக வைக்கப்படுபவை கர்லி ஹேர், பிங்க் டோ, மெக்சிகன் ரெட் நீ. கூடவே 'நம்மூர்ச் சரக்கு' என்ற பெருமையோடு, மரப்பொந்தில் வாழும் பொக்கிலோதெரியாவும் வரும்.

உண்மையான போட்டி முதல் இரண்டுக்கும்தான். கர்லி ஹேர் மத்திய அமெரிக்காவின் ஹோண்டுராஸ், நிகரகுவா பக்கத்தது. தரையில் வளை தோண்டி வாழும். பிங்க் டோ தென் அமெரிக்காவின் வடபகுதி மழைக்காடுகளில் மரத்தில் வாழ்வது. அழகுக்கு மார்க் போட்டால் பிங்க் டோதான் ஜெயிக்கும். குஞ்சில் உடம்பெல்லாம் இளஞ்சிவப்பு, பாத நுனி மட்டும் கறுப்பு. வளர்ந்ததும் அப்படியே தலைகீழாகி, கறுத்த உடம்பில் நுனி மட்டும் சிவக்கும். பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஆனால் மே மாதத்தில் தஞ்சாவூர் 38, 40 டிகிரியைத் தொடும்போது கதை மாறுகிறது. கர்லி ஹேருக்கு ஆழமாக மண் போட்டிருந்தால் அது கீழே இறங்கிவிடும்; அடிமண்ணில் ஈரமும் குளிர்ச்சியும் இருக்கும். பிங்க் டோ டப்பாவின் மேல்மூலையில் வலை கட்டி உட்கார்ந்திருக்கும், இறங்கி ஒளிய இடம் கிடையாது. கார்த்திகையில் இதற்கு நேர்மாறான தொல்லை. காற்றிலேயே ஈரம் சொட்டும் நாட்களில், மூடிய டப்பாவுக்குள் தண்ணீரும் தெளித்தால் பூஞ்சை பிடிக்கும். காற்று தேங்கினால் பிங்க் டோ குஞ்சு போய்ச் சேர்ந்துவிடும். எதிரெதிர்ப் பக்கங்களில் துளை போட்டுக் காற்று ஊடாடவிட வேண்டும். அப்படிச் செய்தால் வெயில் காலத்தில் சீக்கிரம் காய்ந்துபோகும். இந்த இழுபறியைப் பழகிய கை சமாளிக்கும், புதுக்கை திணறும். என் ஓட்டு கர்லி ஹேருக்கு.

அதற்கு வேண்டிய மண்ணும் நம் பக்கத்திலேயே கிடைக்கிறது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் கயிறு ஆலைகளில் தென்னை நார்க்கழிவுக்குப் பஞ்சமே இல்லை. உப்பு போக இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்து, சின்ன டப்பாவில் பாதிக்கு மேல் அமுக்கி நிரப்புங்கள். உரம் கலந்து விற்பதைத் தொடாதீர்கள். டப்பாவின் ஒரு ஓரத்தில் மட்டும் சிரிஞ்சால் சில சொட்டு ஈரம் போதும். விட்ட மறுநாளே குஞ்சு வேலையைத் தொடங்கிவிடும். நார்த்தூளை உருண்டை பிடித்து வாயில் கவ்விக்கொண்டு வந்து, வளை வாசலில் கொட்டிவிட்டுத் திரும்பவும் இறங்கும். டிவி பார்க்கத் தோன்றாது.

ரெட் நீ நல்ல பிராணிதான். பெண் என்றால் இருபது வருஷத்துக்கு மேலும் இருக்கும். ஆனால் வளர்ச்சி ஆமை வேகம். எளிதில் சாகும் அந்தக் குஞ்சுப் பருவத்திலேயே அதிக காலம் கிடக்கும். இரண்டாவது சிலந்தியாக வாங்குங்கள்.

பொக்கிலோதெரியா வெப்பத்தைத் தாங்கும், மளமளவென்று வளரும். இருந்தும் முதல் சிலந்தியாக வேண்டவே வேண்டாம். அமெரிக்க இனங்கள் பலவும் மிரண்டால் வயிற்று முடியை உதறிவிடும். நமக்கு அரிப்பு, கண்ணில் பட்டால் தொல்லை. நம்மூர் இனத்துக்கு அந்த முடி கிடையாது. அதனால் ஓடும், இல்லையென்றால் கடிக்கும். கடித்தால் கடும் வலி, நாள்கணக்கில் தசைப்பிடிப்பு. எல்லோரும் கேட்கும் நீல நிற மெட்டாலிகா, ஆந்திராவின் கூட்டி என்ற ஊரில் கிடைத்து 1899-ல் பிரிட்டிஷ் விலங்கியலாளர் போகாக் விவரித்த இனம். இன்று அழிவின் விளிம்பில் இருக்கிறது. ராமேஸ்வரம் பக்கத்து ஹனுமவிலாசுமிகாவுக்கும் அதே நிலைமை. மரப்பொந்திலிருந்து பிடித்துத் தருகிறேன் என்பவனிடம் பேச்சே வேண்டாம்.

ஸ்லிங்கா, கொஞ்சம் வளர்ந்த ஜுவனைலா? ஸ்லிங் மலிவு, ஆனால் ஆணா பெண்ணா தெரியாது. ஆணாக இருந்தால் பருவமடைந்தபின் பெரும்பாலும் ஒரு வருஷம் தாண்டுவதே அரிது. கையில் காசு இருந்தால் உரித்த சட்டையை வைத்துப் பெண் என்று உறுதி செய்த ஜுவனைலை வாங்குவேன்.

தீனியில் எனக்கு இரண்டு யோசனை கிடையாது. வயல்வரப்பில் பிடித்த வெட்டுக்கிளியும் பாச்சையும் ஓசிதான், ஆனால் நெல்லுக்கு அடித்த மருந்து அவற்றின் உடம்பில் இருக்கும். வீட்டிலேயே வளர்த்த மீல்வார்ம் புழு போதும். தலையை நசுக்கி, ஒரு துண்டு, வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை. வயிறு கறுத்துப் பளபளத்து, தீனியைத் தொடாமல் இருந்தால் சட்டை உரிக்கப் போகிறது என்று அர்த்தம். மிச்சத் தீனியை எடுத்துவிடுங்கள். மல்லாந்து கிடந்தால் செத்துவிட்டதென்று தொட்டுப் பார்க்காதீர்கள், உரிப்பதே அப்படித்தான். உரித்தபின் ஒரு வாரமாவது தீனி வேண்டாம். பல் இறுக வேண்டும்.

நம் பக்கத்தில் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய எமன் கொசு மருந்து. பிளக்கில் செருகும் லிக்விடும் சுருளும் கொசுவை எப்படிக் கொல்கிறதோ அப்படித்தான் சிலந்தியையும் கொல்லும். மருந்து இல்லாத அறை ஒன்று வீட்டில் கிடைக்காவிட்டால் எந்த இனமும் வேண்டாம். எறும்புக்கும் சாக்பீஸ் கிழிக்காதீர்கள். தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் டப்பாவை வையுங்கள்.

கடைசியாகக் காகிதம். ரெட் நீயின் பிராக்கிபெல்மா பேரினம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டஸின் பட்டியலில் உண்டு, கர்லி ஹேரும் முன்பு அதே பேரினத்தில் இருந்ததுதான். பொக்கிலோதெரியா 2019-ல் சேர்ந்தது. 2022 வனவிலங்குச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு சைட்டஸ் பட்டியல் பிராணிகளை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். 2021 ஜூலையில் போலந்திலிருந்து சென்னைக்கு வந்த ஒரு பார்சலில் வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய குப்பிகளில் 107 சிலந்திகள் சுங்கத்துறையிடம் சிக்கின. "பேப்பரெல்லாம் எதுக்கு தம்பி, கூரியர்ல போட்டுடுறேன்" என்று விற்பவர் சொன்னால் அங்கேயே போனை வைத்துவிடுங்கள்.