அந்தமானுக்குப் பார்சல்: கட்டுப்படியாகும் வழியும் காசு கரையும் இடங்களும்

ஆன்லைனில் விற்பவர்களில் பலர் அந்தமான் முகவரியைப் பார்த்ததும் ஆர்டரை ரத்து செய்துவிடுகிறார்கள். கூரியர் கட்டண அட்டையைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். வடகிழக்கு, காஷ்மீர், அந்தமான், லட்சத்தீவு எல்லாவற்றையும் பெரும்பாலும் ஒரே 'சிறப்பு மண்டலத்தில்' அடைத்து, அரைக் கிலோவுக்கே கண்ணைக் கட்டும் விலை போட்டிருப்பார்கள். ஆனால் விட்டுவிடக்கூடிய சந்தை இல்லை இது. 2011 கணக்கெடுப்பின்படி அந்தத் தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சுமார் 15 சதவீதம். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் போய்ச் சேர்ந்தபின் தலைநகரான போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) மட்டுமல்ல, ரங்கத், கார் நிக்கோபார் போன்ற இடங்களிலும் இணையம் சீரானது. ஆர்டரும் அங்கிருந்தெல்லாம் வருகிறது.

முறுக்கு, பொடி வகை, காட்டன் சேலை, பூஜைப் பொருள், புத்தகம் ஆகியவற்றை மழை, வெயில் என்று எல்லாப் பருவத்திலும் அனுப்பிப் பார்த்ததில் நிலைத்து நிற்கும் முடிவு இது: ஐந்து கிலோவுக்குள் என்றால் தபால், முப்பது கிலோவைத் தாண்டினால் கப்பல் சரக்கு. இடைப்பட்ட எடைக்கு ஒவ்வொரு முறையும் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

தபால் ஏன் மலிவு என்றால், அது தூரத்தையும் எடையையும் மட்டுமே பார்க்கிறது. தீவு என்று தனியாக வசூலிப்பதில்லை. 2025 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்த ஸ்பீட் போஸ்ட் ஆவணக் கட்டணத்தைப் பாருங்கள். 251 முதல் 500 கிராம் வரை, 1,001–2,000 கிலோமீட்டருக்கு 86 ரூபாய், 2,000-க்கு மேல் 93 ரூபாய், ஜிஎஸ்டி தனி. சென்னையிலிருந்து தீவுத் தலைநகர் நேர்கோட்டில் சுமார் 1,360 கிலோமீட்டர். சரக்குப் பொட்டலத்துக்குப் பார்சல் கட்டணம் வேறு, அதைத் தபால்துறைத் தளத்தின் கட்டணக் கணிப்பானில் பின்கோடு போட்டுப் பார்த்துவிடலாம். ஆனால் கட்டணம் ஏறும் விதம் இதுதான். டெல்லிக்கு அனுப்புகிற மாதிரிதான் இதுவும் என்று மனதில் வைத்துக்கொண்டால் பயம் போய்விடும்.

புத்தகம் விற்பவர்களுக்கு இன்னும் நல்ல வழி இருக்கிறது. 2025 மே 1-இல் தபால்துறை தொடங்கிய ஞான் போஸ்ட் என்ற நூல் அஞ்சல் சேவையில் 300 கிராம் வரை 20 ரூபாய், ஐந்து கிலோ வரை அதிகபட்சம் 100 ரூபாய், வரி தனி. டிராக்கிங்கும் உண்டு. கல்வி, பண்பாடு, சமயம் சார்ந்த நூல்களுக்கு மட்டுமே இது பொருந்தும். விளம்பர வெளியீடுகள் சேராது. ஒவ்வொரு நூலிலும் அச்சகத்தின் அல்லது பதிப்பாளரின் பெயர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கவுண்டரில் திருப்பிவிடுவார்கள். தரைவழி, கடல்வழியாகப் போவதால் மெதுவாகத்தான் சேரும். வாங்குபவரிடம் மூன்று வாரம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் சச்சரவு இல்லை.

கூரியரில் காசு கரைவது பெரும்பாலும் பெட்டியில்தான். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்தால் வருவது கன எடை. உண்மை எடை, கன எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். 30×22×15 பெட்டியில் 800 கிராம் முறுக்கு வைத்தால் கன எடை 1.98 கிலோ, அதாவது இரண்டு கிலோவுக்கான கட்டணம். அதே முறுக்கை இரண்டு அடுக்காக வைத்து 24×18×11-க்குச் சுருக்கினால் 0.95 கிலோ. சேலைக்கு அட்டைப் பெட்டியே வேண்டாம். உள்ளே ஒரு பாலித்தீன் உறை, வெளியே கூரியர் கவர், அவ்வளவு போதும். அரைக் கிலோ வரம்பை ஒட்டி வருகிற பொட்டலத்தை டேப், லேபிள் எல்லாம் ஒட்டிய பிறகு 480 கிராமுக்குள் நிறுத்துங்கள். வீட்டுத் தராசுக்கும் கவுண்டர் தராசுக்கும் பத்துப் பதினைந்து கிராம் வித்தியாசம் வருவது சாதாரணம்.

தீவுகளில் மழையும் ஈரப்பதமும் அதிகம். தின்பண்டத்தைச் சூடு வைத்து ஒட்டிய கெட்டி பவுச்சில் போட்டு, அதை இன்னொரு உறையில் இட்டு, ஐந்தடுக்கு அட்டைப் பெட்டியில் வையுங்கள். பெட்டியின் நடு இணைப்பையும் இரு ஓரங்களையும் சேர்த்து டேப் ஒட்ட வேண்டும். நடுவில் மட்டும் ஒட்டிய பெட்டி ஈரத்தில் ஓரமாகப் பிளந்துவிடும். ஊறுகாயைக் கண்ணாடி ஜாடியில் அனுப்பாதீர்கள். எண்ணெய் கசிந்தால் உங்கள் பொட்டலத்தோடு பையிலிருக்கும் மற்றவர் பொட்டலமும் கெடும்.

பூஜைப் பொருள் விற்பவர்கள் தடுக்கி விழும் இடம் கற்பூரம். அது எளிதில் தீப்பற்றும் திடப்பொருள். விமானத்திலும் போகாது, தபாலிலும் கூடாது. தீப்பெட்டி, ஆல்கஹால் கலந்த வாசனைத் திரவியம், நகப்பூச்சு, ஸ்ப்ரே டப்பாக்களுக்கும் இதே கதிதான். பவர் பேங்க் போன்ற லித்தியம் பேட்டரிப் பொருள்களுக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு. பூஜை செட்டில் கற்பூரம் இருந்தால், தீவுகளுக்கு மட்டும் கற்பூரம் இல்லாத செட் ஒன்றைத் தனியாகப் பட்டியலிடுவதே சரி. சொல்லாமல் உள்ளே வைத்து அனுப்புவது ஆபத்து. ஸ்கேனரில் பிடிபட்டால் முழுப் பொட்டலமும் நின்றுபோகும்.

முகவரியில் பெயர்க் குழப்பம் சகஜம். ஹேவ்லாக் 2018-இல் ஸ்வராஜ் தீப் ஆனது, நீல் தீவு ஷஹீத் தீப் ஆனது. போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. பழையது, புதியது இரண்டையும் லேபிளில் எழுதுங்கள். பொட்டலத்தைப் பிரிப்பது எப்படியும் பின்கோடுதான். அந்தமான், நிக்கோபார் முழுவதும் 744-இல் தொடங்கும். தலைநகர் 744101, டிக்லிபூர் 744202, ஹட்பே 744207, ஹேவ்லாக் 744211, கார் நிக்கோபார் 744301.

லட்சத்தீவில் இதைவிட மோசமான பொறி இருக்கிறது. அதன் பின்கோடுகளும் கொச்சியைப் போல 682-இல்தான் தொடங்குகின்றன; கவரத்தி 682555, மினிக்காய் 682559. முதல் மூன்று இலக்கத்தை மட்டும் பார்க்கும் மென்பொருள் கேரளக் கட்டணத்தைக் காட்டிவிடும். பிறகு கூடுதல் பில் வரும், அல்லது பார்சலை எடுக்கவே மாட்டார்கள். சொந்தத் தளம் ஊகாமர்ஸ் (WooCommerce) என்ற ஆன்லைன் கடை மென்பொருளில் ஓடினால், தீவுகளுக்கென்று தனி ஷிப்பிங் மண்டலம் போட்டு, பின்கோடு பெட்டியில் 744* என்று ஒரு வரியும் 682551...682559 என்று ஒரு வரியும் கொடுங்கள். இந்த மண்டலம் பட்டியலில் 'இந்தியா முழுவதும்' என்பதற்கு மேலே இருக்க வேண்டும். மேலிருந்து முதலில் பொருந்துவதைத்தான் அது எடுத்துக்கொள்ளும். கீழே இருந்தால் உங்கள் தீவுக் கட்டணம் வேலையே செய்யாது.

கேஷ் ஆன் டெலிவரியை தீவுகளுக்கு மூடிவிடுங்கள். திரும்பி வரும் பொட்டலத்துக்குப் போன செலவு, வந்த செலவு இரண்டும் உங்கள் தலையில். தலைநகருக்குள் ஸ்பீட் போஸ்ட் பெரும்பாலும் வாரத்துக்குள் சேர்கிறது. வடக்கே ரங்கத், மாயாபந்தர், டிக்லிபூருக்கு ஜாரவா பழங்குடிக் காப்பகத்தின் வழியே வண்டிகள் கான்வாயாகச் சேர்ந்து போகும் நெடுஞ்சாலைதான் வழி. நிக்கோபாருக்குக் கப்பலோ ஹெலிகாப்டரோ. கடல் கொந்தளித்தால் எதுவும் நகராது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் காலம் என்பதால் தீபாவளி ஆர்டரை நிக்கோபாருக்கு ஒரு மாதம் முன்பே மூடுவது நல்லது. டிராக்கிங் பல நாள் அசையாமல் நின்றால் தொலைந்தது என்று பதறி மறுபொட்டலம் அனுப்பாதீர்கள். நின்ற பொட்டலம் அடுத்த கப்பலில் போய்ச் சேர்ந்து, இரண்டு செலவும் உங்களுடையதாகும்.

விலை கூடிய பட்டுச்சேலைக்கு இன்ஷூரன்ஸ் போடாமல் அனுப்பக் கூடாது. ஸ்பீட் போஸ்ட்டில் தொலைந்தால் கிடைக்கும் ஈடு, கட்டிய கட்டணத்தின் இரு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இரண்டில் குறைந்தது. நாலாயிரம் ரூபாய்ச் சேலைக்கு அது எந்த மூலைக்கு?

வரி விஷயத்தில் சிறு விற்பனையாளர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தமான் வேறு ஒன்றியப் பகுதி. தமிழ்நாட்டிலிருந்து விற்பது மாநிலங்களுக்கு இடையேயான விற்பனை. வரி உள்ள பொருளானால் விற்றுமுதல் எவ்வளவு சிறிதாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு தேவை. அறிவிக்கப்பட்ட சில கைவினைப் பொருள்களுக்கு மட்டும் வரம்பு வரை விலக்கு உண்டு. பில்லில் போட வேண்டியது ஐஜிஎஸ்டி (மாநிலங்களுக்கு இடையேயான ஜிஎஸ்டி), அந்தமானின் ஜிஎஸ்டி மாநிலக் குறியீடு 35. சுங்கம் எதுவும் கிடையாது.

முப்பது கிலோவுக்கு மேல், அங்குள்ள கடைக்கு மொத்தமாக அனுப்பும்போது, சென்னைத் துறைமுகம் வழியாகச் சரக்கு ஏற்றும் ஏஜென்ட்டுகளிடம் கொடுப்பது மலிவு. பெட்டிக் கணக்கிலோ கன அளவிலோ வாங்குவார்கள். குறைந்தபட்சக் கட்டணம், அங்கே இறக்குகூலி, கிடங்கு வாடகை மூன்றையும் முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள். சரக்கு மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி மின்னணு ஆவணம்) வேண்டும். வீட்டு வாசலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது பெரும்பாலும் இதில் சேராது. வாங்குபவர் கிடங்கில் வந்து எடுக்க வேண்டும் என்பதால், அவருடைய கைபேசி எண்ணைப் பெட்டியின் இரண்டு பக்கங்களிலாவது அழியாத மையில் எழுதிவிடுங்கள்.