ஐந்து வருஷம் காசு கட்டியும் டொமைன் எங்களுடையது இல்லை

சென்னிமலையில் பெட்ஷீட், துண்டு வியாபாரம் எங்களுக்கு. 2018-ல் வெப்சைட் போட்டுக் கொடுத்தவர் ஈரோட்டுத் தம்பி ஒருவர், நன்றாகப் பேசுவார். டொமைன் (வெப்சைட்டின் முகவரிப் பெயர்), ஹோஸ்டிங் (சைட்டை வைக்கும் இடம்), டிசைன் எல்லாம் சேர்த்து 18,000 வாங்கினார், அப்புறம் வருஷா வருஷம் ரெனியூவலுக்கு 2,400 ரூபாய் ஜிபே பண்ணிவிடுவோம். ஒரு தொந்தரவும் இல்லை, அதனால் நாங்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

2023 ஜூனிலும் பணம் அனுப்பினேன். "பண்ணிட்டேனுங்ணா" என்று வாட்ஸ்அப்பில் பதில் வந்தது. ஆடித் தள்ளுபடி தொடங்கி நான்காம் நாள் கோயம்புத்தூர் கஸ்டமர் ஒருவர் கூப்பிட்டு, "உங்க சைட்டைத் திறந்தா வேற என்னமோ வருதுங்க" என்றார். பார்த்தால் டொமைன் காலாவதி. ஆர்டர் வரும் மெயிலும் அதே டொமைனில்தான் இருந்தது, அதுவும் சேர்ந்தே போச்சு. தம்பியின் போன் ஸ்விட்ச் ஆஃப். நேரில் போனால் அவர் ஆபீஸ் இருந்த மாடியில் டியூஷன் சென்டர் நடக்கிறது.

டொமைன் பதிந்த கம்பெனிக்கு ஐந்து வருஷ பில், ஜிஎஸ்டி சான்றிதழ், ஜிபே ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் அனுப்பினோம். பதிவில் இருப்பது உங்கள் பெயர் இல்லை, தம்பியின் பெயர், அந்தக் கணக்குக்காரர் கேட்டால்தான் எதுவும் செய்வோம் என்றார்கள். பணத்தை நாங்களே கட்டுகிறோம் என்றாலும் அதே பதில். கோபம் வந்தது, ஆனால் யோசித்தால் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, காட்டுகிற காகிதத்தை நம்பி மாற்றிக் கொடுத்தால் ஏமாந்துபோகலாம். 1995-ல் அமெரிக்காவில் செக்ஸ் டாட் காம் என்ற டொமைனை (பெயரைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம், விஷயம் முக்கியம்) ஒருவன் ஒரு பொய்க் கடிதத்தை மட்டும் காட்டித் தன் பேருக்கு மாற்றிக்கொண்டான். உரிமையாளர் கோர்ட்டுக்கு அலைந்து டொமைனை மீட்டார், 2001-ல் ஆறரைக் கோடி டாலர் நஷ்டஈடும் தீர்ப்பானது, ஆனால் எதிராளி மெக்சிகோவுக்கு ஓடிவிட்டான்.

எங்கள் கதையில் பொய்க் கடிதம்கூடத் தேவைப்படவில்லை. நிலம் வாங்குவதுபோல் சொன்னால், இடத்துக்குக் காசு கொடுத்தது நாங்கள், கிரயப் பத்திரம் எழுதியது புரோக்கர் பேரில், அதுவும் முதல் நாளிலிருந்தே. ரெனியூவல் காசையும் வாங்கிக்கொண்டு கட்டாமல் விட்டதைத் திருட்டு என்றுதான் நான் சொல்வேன்.

டாட் காம் காலாவதியானால் 45 நாள் வரை கம்பெனி வைத்திருக்கலாம், அப்புறம் கூடுதல் அபராதத்தோடு மீட்க 30 நாள், கடைசியாக 5 நாள், அதன்பின் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். காலண்டரில் வட்டம் போட்டு அக்டோபர் வரை காத்திருந்தோம். டொமைன் விடுபட்ட நொடியில் பிடிக்கவே சாஃப்ட்வேர் வைத்துக் காத்திருக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. நாங்கள் டைப் அடிப்பதற்குள் போய்விட்டது, இப்போது அங்கே ரம்மி விளம்பரம் ஓடுகிறது. ஜெனீவாவில் இருக்கும் வைப்போ (உலக அறிவுசார் சொத்து) அமைப்பில் வழக்குப் போடலாம் என்றார் வக்கீல். கட்டணமே 1,500 டாலர், அதற்கும் டிரேட்மார்க் உரிமையைக் காட்ட வேண்டும், நாங்கள் பிராண்டைப் பதியவே இல்லை.

உங்கள் டொமைனுக்கு லாகின் உங்களிடம் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். டொமைன் யார் பேரில் இருக்கிறது என்று பார்க்கும் ஹூஇஸ் தேடலில் பெயர் மறைந்திருக்கலாம், கணக்குக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும், பாஸ்வேர்டே உங்களிடம் இல்லை என்றால் பதில் கிடைத்துவிட்டது. வேலை செய்து கொடுத்தவர் போன் எடுக்கிற காலத்திலேயே உங்கள் பேரில் ஒரு கணக்குத் தொடங்கி, அதற்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். காலாவதி தேதி நெருங்கும்போது இதைச் செய்யாதீர்கள், பெயர் மாறினால் வேறு கம்பெனிக்குக் கொண்டுபோக 60 நாள் பூட்டு விழலாம். பதிவில் கொடுக்கும் மெயில் அதே டொமைனில் இருக்கவே கூடாது, சாதா ஜிமெயில் போதும், அதற்கு டூ ஸ்டெப் (பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பு) போட்டு வையுங்கள். டொமைனை வேறு கம்பெனிக்கு மாற்றவிடாத டிரான்ஸ்ஃபர் லாக் போட்டிருக்கட்டும், அப்படி மாற்றத் தேவைப்படும் ரகசியக் குறியீடான ஆத் கோட் கேட்டு யார் போன் செய்தாலும் கொடுக்காதீர்கள். டாட் காமை பத்து வருஷத்துக்குச் சேர்த்தே கட்டலாம், இது முன்பே தெரிந்திருந்தால் கட்டியிருப்பேன்.

புதுசாக ஒரு டாட் இன் வாங்கி, என் பேரிலேயே பதிந்து ஓட்டுகிறோம். பழைய முகவரி அச்சடித்த பத்தாயிரம் பேக்கிங் கவர் இருந்தது. ராத்திரி கடை சாத்தியபின் நானும் வீட்டுக்காரியும் உட்கார்ந்து அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டுகிறோம், இன்னும் நாலாயிரம் பாக்கி.