பாட்வா பழக ஜமைக்கப் புதிய ஏற்பாடு எவ்வளவு உதவும்?

ஜமைக்காவின் பேச்சுமொழியான பாட்வாவைக் கற்றுத்தருவதாகச் சொல்லும் கையேடுகள் பெரும்பாலும் 'வா க்வான்' என்ற நலம் விசாரிப்போடும் நாலைந்து வேடிக்கை வாசகங்களோடும் முடிந்துவிடுகின்றன. வாக்கியம் எப்படி அமைகிறது, நடந்ததை எப்படிச் சொல்கிறார்கள், ஒருவருக்கொருவர் எப்படிப் பதில் கொடுக்கிறார்கள் என்பதெல்லாம் பிடிபட வேண்டுமானால், ஒலிப்பதிவோடு கூடிய நீண்ட உரைநடை வேண்டும். மேற்கிந்தியத் தீவுகள் வேதாகமச் சங்கம் 2012-இல் வெளியிட்ட 'டி ஜமியெகன் ந்யூ டெஸ்டிமென்ட்', அதாவது பாட்வாவில் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு, அந்தக் குறையைத் தீர்க்கிறது. கிறிஸ்தவர் அல்லாதவரும் இதை மொழிப்பாடமாகத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். இந்த மதிப்பீடும் அந்தக் கோணத்தில்தான்.

அச்சுப் பிரதியில் பாட்வாவோடு கிங் ஜேம்ஸ் என்ற பழைய ஆங்கில மொழிபெயர்ப்பும் இருக்கிறது. யூவெர்ஷன் என்ற வேதாகமச் செயலியில் பாட்வா வாசகத்தை இலவசமாகப் படிக்கலாம், ஒலிப்பதிவையும் கேட்கலாம். தொடங்குவதற்குச் செயலியே போதும்.

இதன் பெரிய பலம் எழுத்துமுறை. மொழியியலாளர் ஃப்ரெடெரிக் காசிடி 1961-இல் முன்வைத்த முறையை, மேற்கிந்தியத் தீவுகள் பல்கலைக்கழகத்தின் மோனா வளாகத்தில் 2002-இல் அமைந்த ஜமைக்க மொழிப் பிரிவு சீர்செய்தது. ஒலிக்கு ஒரு குறி, குறிக்கு ஒரு ஒலி என்பதே அடிப்படை. குறில் ஐந்து, நெடில் மூன்று, கூட்டுயிர் நான்கு. ஆங்கிலம் படித்துப் பழகிய கண் தடுமாறுவதும் இங்கேதான். ஐ, ஈ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் சேர்ந்து வந்தால் நம்மவர்கள் உடனே 'ஈ' என்று படித்துவிடுவார்கள். அதை 'இயெ' என்று படிக்க வேண்டும்: முகம் 'ஃபியெஸ்', நாட்டின் பெயர் 'ஜமியெகா'. யூ, ஓ சேர்ந்தால் 'உவொ': படகு 'புவொட்'. பூனை 'கியாட்', பையன் 'ப்வாய்'. இந்த நான்கைந்தை முதல் நாளே மனத்தில் ஏற்றிக்கொண்டால் எந்தப் பக்கத்தையும் வாய்விட்டுப் படிக்கலாம். ஏற்றிக்கொள்ளாதவர்கள் கடைசிவரை ஆங்கில உச்சரிப்பையே பாட்வா என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

இலக்கணத்துக்கு இந்த நூலைப் போல ஒரு பயிற்சிக்களம் கிடைப்பது அரிது, ஏனென்றால் சுவிசேஷங்கள் முழுக்கக் கதைநடை. பாட்வாவில் செயலைக் குறிக்கும் வினை எந்த ஒட்டும் இல்லாமல் வந்தால் பெரும்பாலும் நடந்து முடிந்ததையே சொல்கிறது: 'இம் ரொன்' என்றால் அவன் ஓடினான். நிலையைக் குறிக்கும் வினை அப்படி வந்தால் நிகழ்காலம்: 'மி நுவொ' என்றால் எனக்குத் தெரியும். ஓடிக்கொண்டிருக்கிறான் என்பதற்கு இடையில் ஓர் 'அ' வேண்டும்: 'இம் அ ரொன்'. எதிர்மறையில் மூன்று வடிவங்களைக் கலந்துவிடக் கூடாது. 'மி நொ கொ' நான் போவதில்லை, 'மி நா கொ' நான் போகப்போவதில்லை, 'மி நெவா கொ' நான் போகவில்லை.

தமிழர் குறிப்பாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 'அவர் ஆசிரியர்' என்று நாம் வினையே இல்லாமல் சொல்கிறோம். பாட்வாவில் அங்கே 'அ' கட்டாயம்: 'இம் அ டீச்சா'. 'களைப்பாக இருக்கிறார்' என்பதில் நாம் 'இருக்கிறார்' போடுவோம், அவர்கள் எதுவும் போடுவதில்லை: 'இம் டையட்'. இடத்தைச் சொல்லும்போது மட்டும் 'டெ' வரும்: 'இம் டெ அ யாட்', வீட்டில் இருக்கிறார். அதேபோல 'உனு' என்ற சொல்லை நம் 'நீங்கள்' என்று எடுத்துக்கொண்டு ஒரு பெரியவரிடம் பயன்படுத்தக் கூடாது. அது பன்மை மட்டுமே, அதில் மரியாதை கிடையாது. மரியாதைக்குப் பெயருக்கு முன் மிஸ், மிஸ்டர் போடுவதே அங்கே வழக்கம்.

மொழிபெயர்ப்பு உயிரோடு இருக்கிறது. யோவான் 3:16-இல் 'ஒரேபேறான' என்று நாம் படிக்கும் இடத்தில் 'டெகெ-டெகெ' வருகிறது. ஒன்றே ஒன்று என்பதை வீட்டில் அழுத்திச் சொல்லும் சொல்.

மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். 16 அதிகாரங்கள்தாம், வாக்கியங்களும் சின்னவை. ஒரு பத்தியை எழுத்தைப் பார்க்காமல் கேளுங்கள், அடுத்து பார்த்துக்கொண்டே கேளுங்கள், மூன்றாம் முறை ஒலிப்பதிவை ஒட்டியே வாய்விட்டுச் சொல்லுங்கள். வேகத்தைக் குறைத்துக் கேட்பதைத் தவிர்க்கலாம். பாட்வாவின் ஏற்ற இறக்கம் அதில் சிதைந்துவிடும். பிறகு உரையாடல் நிறைந்த லூக்கா 15. பவுலின் நிருபங்களைத் தள்ளிப்போடுங்கள். வாதம் நீளமானது, பேச்சுக்கு உதவாது. பொருள் புரியாத இடத்தில் பக்கத்திலுள்ள கிங் ஜேம்ஸைப் பார்த்துப் பயனில்லை, அந்தப் பழைய ஆங்கிலமே இன்னொரு சுமை. கையில் ஒரு தமிழ் வேதாகமம் இருந்தால் வேலை சுலபம்.

குறைகளும் சின்னவை அல்ல. ஜமைக்கர்கள் வாட்ஸ்அப்பிலும் சுவர் விளம்பரங்களிலும் இந்த எழுத்துமுறையைப் பயன்படுத்துவதில்லை. ஆங்கில எழுத்துக்கூட்டலை வளைத்து ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். அதைப் படிக்கத் தனிப் பழக்கம் வேண்டும். அடுத்தது, சந்தைப் பேச்சு இதில் கிடைக்காது. கிங்ஸ்டனின் கொரொனேஷன் மார்க்கெட்டில் காய்கறி விற்கும் பெண்ணை 'ஹிக்ளர்' என்பார்கள். வாங்கியதற்கு மேல் அவர் போடும் கொசுறு 'ப்ராட்டா'. ஆக்கி, பாமி, கலலூ போன்ற சாப்பாட்டுச் சொற்களையும் வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

பழக்கவழக்கமும் அப்படித்தான். கடைக்குள் நுழைந்தாலும் பங்கு டாக்ஸியில் ஏறினாலும் முதலில் 'குட் மார்னிங்' சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் நேராகப் பாட்வாவில் விலை கேட்கும் வெளியூர்க்காரருக்கு நல்ல முகம் கிடைக்காது. 'சூன் கம்' என்று ஒருவர் சொன்னால் அதை நேரக்கணக்காக எடுத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். ஆங்கிலமே அங்கே ஆட்சிமொழி. அலுவலகத்திலும் வங்கியிலும் முன்பின் தெரியாதவர் பாட்வாவில் தொடங்கினால் கேலி செய்வதாகவே படும். இந்த வேதாகமம் வருவதற்கே உள்நாட்டில் கடும் எதிர்ப்பு இருந்தது, பரிசுத்த வசனத்துக்கு இந்த மொழி தகாது என்று. அந்த மனக்காயத்தைத் தெரிந்துகொள்ளாமல் மொழியை மட்டும் பழகுவது அரைகுறை.

மேடைப்பேச்சின் சுவைக்கு மிஸ் லூ என்று நாடே அழைத்த பாட்வாக் கவிஞர் லூயிஸ் பென்னட்டின் ஒலிப்பதிவுகளைச் சேர்த்துக் கேளுங்கள். அவர் 1970 முதல் 1982 வரை நடத்திய 'ரிங் டிங்' சிறுவர் தொலைக்காட்சி நிகழ்ச்சி, அனான்சி என்ற தந்திரச் சிலந்தியின் நாட்டுப்புறக் கதைகளுக்கும் விளையாட்டுப் பாடல்களுக்கும் நல்ல நுழைவாயில்.

அச்சுப் பிரதியை மாற்கு முழுவதையும் கேட்டு முடித்த பிறகு வாங்கலாம். ஓரத்தில் குறிப்பெழுதிப் படிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு அது காசுக்குத் தகும்; பத்து நாள் சுற்றுலாவுக்குக் கிளம்புபவர்களுக்குத் தேவையே இல்லை.