எழுத்தை விழுங்கிய கீபோர்டும் ஒரு கும்பகோணத்துக் கடையும்

வலங்கைமானில் டிடிபி வேலை, அதாவது கம்ப்யூட்டரில் பத்திரிகை அடித்து வடிவமைக்கும் வேலை பார்க்கிறேன். ஆவணி முகூர்த்தப் பத்திரிகைகள் குவிந்த நேரத்தில் வயர்லெஸ் கீபோர்டு மக்கர் பண்ணத் தொடங்கியது. 'திருவளர்ச்செல்வி' என்று அடித்தால் 'திவளசெவி' என்று விழும். பேட்டரி மாற்றியும் பலனில்லை. முதலில் காட்டிய கடையில், "போர்டு போச்சு, புதுசு வாங்கிக்குங்க" என்றார்கள்.

மனசு கேட்காமல் சிபியூ, வெளியே மாட்டும் ஹார்டு டிஸ்க் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு கும்பகோணத்துக்கு பஸ் ஏறினேன். மகாமகக் குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் சின்னக் கடை. அங்கிருந்த தம்பி, நான் வழக்கமாக மாட்டுவதுபோல எல்லாவற்றையும் மாட்டச் சொல்லிப் பார்த்தார். கீபோர்டின் சிக்னலை வாங்கும் குட்டி ரிசீவர் நீல நிற யூஎஸ்பி 3.0 துளையில், அதை ஒட்டியே ஹார்டு டிஸ்க்.

"அக்கா, 3.0 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கிளம்பும். உங்க கீபோர்டும் அதே அலைவரிசைதான்."

ரிசீவரைக் கறுப்பு 2.0 துளைக்கு மாற்றி, எக்ஸ்டென்ஷன் ஒயரில் கீபோர்டு பக்கமாகக் கொண்டுவந்தார். ஒரு எழுத்து விடவில்லை! பேட்டரி அறையில் பச்சை பூத்திருந்த ஸ்பிரிங்கையும் உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்துக் கொடுத்தார்.

ஒயருக்கு மட்டும் 120 ரூபாய், கூலி வேண்டாமென்றுவிட்டார். புதுசு விற்றிருந்தால் நல்ல லாபம் பார்த்திருக்கலாம். மாலை நாலு மணிக்குமேல்தான் கடை திறக்கிறார்கள், அது ஒன்றுதான் சிரமம். அன்றிரவே மூன்று பத்திரிகை முடித்தேன்.