அப்பாவின் கேஸை நடத்திய வக்கீல் அலுவலகம்: நாலரை நட்சத்திரம்

அப்பாவுக்கு 71 வயது. பச்சை விளக்கு விழுந்த பிறகுதான் பாதசாரிக் கடவையில் கால் வைத்தார். எதிர்ப்பக்கம் போய்ச் சேர்வதற்குள் விளக்கு மாறிவிட்டது. திரும்பி வந்த வேன் ஒன்று இடித்துத் தள்ளியதில் வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்துபோயின. மூன்றாம் நாள், தையல்கூடக் காயவில்லை, வேனின் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஃபோன் வந்துவிட்டது. ஒரு தொகை தருகிறோம், ஒரே ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்கள். அம்மா சம்மதித்தே விட்டாள்.

அப்போது தெரிந்தவர் ஒருவர் சொல்லித்தான் இந்த அலுவலகத்துக்குப் போனேன். கேஸ் முடிய ஒன்றரை வருடம் ஆனது. இப்படி ஒரு அடி பட்டு, எங்கே போவது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

உள்ளே போனதும் வக்கீலம்மா கேட்ட முதல் கேள்வி: "எதிலயும் கையெழுத்துப் போடலையே?" இல்லை என்றதும்தான் நாற்காலியைக் காட்டினார். முழுத் தீர்வு என்று எழுதிக் கொடுத்துவிட்டால், நாளைக்கு எலும்பு சரியாகக் கூடவில்லை, இன்னொரு ஆபரேஷன் வேண்டும் என்று டாக்டர் சொன்னாலும் திரும்பப் போய்க் கேட்க முடியாதாம். உடம்பு தேறுகிற அளவுக்குத் தேறி, இனி இதுதான் நிலைமை என்று தெரிந்த பிறகே தொகையைப் பற்றிப் பேச வேண்டும் என்றார். அதற்காக வழக்குப் போடுவதற்கான காலக்கெடுவையும் தவறவிடக் கூடாது. அது இடத்துக்கு இடம் மாறும். இங்கிலாந்தில் பொதுவாக மூன்று வருடம், அமெரிக்காவின் சில மாநிலங்களில் ஒரே வருடம். எங்கள் கடைசித் தேதியை ஃபைல் அட்டையின் மேலேயே சிவப்பு மையில் எழுதி வைத்தார்கள்.

கட்டணம், ஜெயித்தால் மட்டும். வருகிற தொகையில் ஒரு சதவீதம். நான் ஒன்று கேட்டேன்: மருத்துவ அறிக்கை, நிபுணர் செலவு எல்லாவற்றையும் கழித்த பிறகு அந்தச் சதவீதமா, கழிப்பதற்கு முன்பா? முகம் சுளிக்காமல் பதில் சொல்லி, ஒப்பந்தத்திலும் அதைத் தனி வரியாகச் சேர்த்தார்கள். எந்த வக்கீலிடம் போனாலும் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுங்கள். கடைசியில் கைக்கு வருகிற பணத்தில் பெரிய வித்தியாசம் வரும்.

அடுத்து ஒரு சாதாரண நோட்டைக் கொடுத்து, அப்பா தினமும் இரண்டு வரி எழுத வேண்டும் என்றார்கள். வலி என்று பொதுவாக எழுதக் கூடாது, அன்றைக்கு எதைச் செய்ய முடியவில்லை என்று எழுத வேண்டும். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. "நின்றுகொண்டு வேட்டி கட்ட முடியவில்லை. கட்டிலில் உட்கார்ந்து கட்டினேன்." இன்னொரு நாள், "பேத்தி மாடியிலிருந்து கூப்பிட்டாள். போகவில்லை." பேசும்போது அப்பா இதையெல்லாம் எங்களிடம் சொன்னதே இல்லை. மருத்துவ ரசீதுகளை மட்டும் கூட்டிப் போட்டிருந்தால் அந்த மாடிப்படிக்குக் கணக்கே இருந்திருக்காது.

இவர்கள் மேல் எனக்கு மரியாதை வந்தது அதற்கப்புறம்தான். பெரியவர் தாமதமாகக் கடந்தார், பாதித் தப்பு அவருடையது என்று இன்சூரன்ஸ் தரப்பு எழுதியது. அடிபட்டவர் மேல் கொஞ்சம் தப்பு இருந்தாலும் ஒரு காலத்தில் வழக்கே விழுந்துவிடும். இங்கிலாந்தில் அதை மாற்ற 1945-ல் தனிச் சட்டம் வர வேண்டியிருந்தது. இப்போது பல நாடுகளில் தப்பு எவ்வளவோ அந்த அளவுக்குத்தான் தொகையைக் குறைப்பார்கள். அதாவது பாதித் தப்பு என்றால் பாதிப் பணம் போச்சு.

அலுவலக உதவியாளர் தம்பி ஒருவர் அளவு நாடாவும் ஸ்டாப்வாட்ச்சுமாக அந்தக் கடவைக்கே போனார். நானும் கூடப் போனேன். சாலையின் அகலம் 14 மீட்டர், நடப்பவருக்குக் கிடைப்பது 12 விநாடி. ஒரு விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார்கள் என்பது சிக்னல் அமைக்கிறவர்கள் பல இடங்களில் வைத்துக்கொள்ளும் கணக்கு. வயதானவர்களில் நிறையப் பேருக்கு 0.8, 0.9-தான் வரும். 0.8 வேகத்தில் 14 மீட்டருக்குப் பதினேழு விநாடிக்கு மேல் ஆகும். அப்பா தாமதமாக இறங்கவில்லை, விளக்குதான் அவருக்கு முன்னால் ஓடியிருக்கிறது. அந்த ஒரு தாள் கணக்கைப் பார்த்த பிறகு எதிர்த்தரப்பு பாதியிலிருந்து பத்து சதவீதத்துக்கு இறங்கி வந்தது.

பணம் வந்தாயிற்று, கேஸ் முடிந்தது. இவர்கள் அதோடு விடவில்லை. எங்கள் அனுமதி கேட்டு, அப்பாவின் பெயரை எடுத்துவிட்டு, அதே கணக்கைச் சாலைத் துறைக்கு மனுவாகக் கொடுத்தார்கள். இரண்டு முறை பதிலே இல்லை. மூன்றாவது முறை ஆள் வந்து பார்த்தார்கள். இப்போது அந்தக் கடவையில் 20 விநாடி. போன மாதம் அப்பா கைத்தடியோடு வாய்விட்டு எண்ணிக்கொண்டே கடந்தார். நடைபாதையில் ஏறும்போது பத்தொன்பது.

சனிக்கிழமைகளில் பள்ளிகளுக்குப் போய்ச் சைக்கிள் ஹெல்மெட் மாட்டிவிடுகிறார்கள். நானும் இரண்டு முறை போனேன். இலவசமாகக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் உண்டு. இங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஹெல்மெட் விளிம்பு புருவத்துக்கு மேலே இரண்டு விரல் அளவில் நிற்கிறதா, தாடைக்கும் வாருக்கும் நடுவே விரல் நுழைகிறதா என்று பார்க்கிறார்கள். ஒரு சிறுமிக்குத் தலையை ஆட்டினால் ஹெல்மெட் காது வரை சரிந்தது. மூன்றாவது அளவு பொருந்தும் வரை விடவில்லை. சட்டையில் அலுவலகப் பெயர் இருக்கிறது, விளம்பரம்தான். இருக்கட்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி சாலையில் வருடத்துக்கு சுமார் 11.9 லட்சம் பேர் சாகிறார்கள், அதில் பாதிக்கு மேல் நடப்பவர்களும் சைக்கிள், மோட்டார் சைக்கிளில் போகிறவர்களும். இந்த வேலையை யார் எடுத்துச் செய்தாலும் நல்லதுதான்.

அரை நட்சத்திரம் குறைத்ததற்குக் காரணம் உண்டு. நடுவில் ஐந்து வாரம் ஒரு தகவலும் இல்லை. ஃபோன் செய்தால் "திரும்பக் கூப்பிடுகிறோம்" என்பதோடு சரி. அதைவிட வருத்தம், எதிர்த்தரப்பு வாதத்தை விளக்கி வந்த கடிதம். "காயமடைந்தவரின் பங்களிப்புக் கவனக்குறைவு" என்று தடித்த எழுத்தில் இருந்தது; அடிபட்டவர் மேலும் கொஞ்சம் தப்பு உண்டு என்பதற்கான சட்டச் சொல் அது. தன்னையே குற்றவாளி என்று சொல்கிறார்கள் என அப்பா இரண்டு ராத்திரி தூங்கவில்லை. வயதானவர்களுக்கு அப்படி ஒரு கடிதம் போடும் முன்னால் ஒரு ஃபோன் போட்டிருக்கலாம். நேரில் சொன்னேன், வக்கீலம்மா அப்பாவிடமே மன்னிப்புக் கேட்டார்.

போகிறவர்கள் சிகிச்சைக் காகிதம், ரசீது, விபத்து நடந்த இடத்தின் படம் எல்லாவற்றையும் முதல் நாளே எடுத்துப் போங்கள். ஃபோனில் கிடைக்கவில்லை என்றால் காலையில் நேரில் போய்விடுங்கள், அந்த ஸ்டாப்வாட்ச் தம்பி சீக்கிரமே வந்துவிடுவார்.